மூணாவது ஃபேஸ் வீட்லயே ரெடி!

எரிஞ்சுபோன ஒரு மோட்டார், நாலு கன்டென்சர், ஒரு அரியர் பேப்பர்... எங்க வீட்டுக் கொட்டகையில் எல்லாமே பாஸ் ஆன கதை!

நீங்க எந்த டிபார்ட்மென்ட்டா வேணா இருங்க. ஒரே ஒரு நிமிஷம் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. உங்க தெரு மின்கம்பத்தில் எத்தனை கம்பி ஓடுது? நாலா, அஞ்சா? அப்படின்னா நீங்க கொடுத்துவெச்சவங்க!

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்க ஊர். எங்க வீட்டுக்கு வரும் கடைசி நாலு கம்பத்தில் ரெண்டே ரெண்டு கம்பிதான். ஒண்ணு ஃபேஸ், இன்னொண்ணு நியூட்ரல். லைட் எரியும், டி.வி. ஓடும், மிக்ஸி சுத்தும். ஆனா, எங்க அப்பாவோட லேத் மட்டும் ஓடாது. ஏன்னா, அதுக்கு மும்முனை மின்சாரம் வேணும்!

கொட்டகையில் தூங்கிய லேத்

திருச்செங்கோடுன்னாலே ரிக் வண்டி ஞாபகம் வரும். இந்தியா முழுக்கப் போய் போர்வெல் போடுகிற லாரிகள் நம்ம ஏரியாவிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்த வண்டிகளுக்கு வேலை பார்க்கிற ஒரு பட்டறையில் அப்பா 22 வருஷம் டர்னர். முட்டி வலி வந்து, நாள் முழுக்க நின்னு ஷிஃப்ட் பார்க்க முடியாமப் போனதும், மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய நாலரை அடி லேத் ஒண்ணை வாங்கி, எங்க மாட்டுக் கொட்டகையில் இறக்கினார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுறவங்களுக்கு ஷாஃப்ட், புஷ்ஷுன்னு கடைசல் வேலைக்கா பஞ்சம்? வீட்டிலிருந்தே செஞ்சு கொடுக்கலாம்னு திட்டம்.

கொட்டகைக்குத் தனி சர்வீஸும் குறுந்தொழில் கட்டணத்தில் முறையா வாங்கியாச்சு. ஆனா, சிங்கிள் ஃபேஸ்தான் கிடைச்சது. த்ரீ ஃபேஸ் வேணும்னா புதுசா கம்பம் நட்டு, கம்பி இழுக்கணும். அதுக்குப் போட்ட எஸ்டிமேட், லேத்தோட விலையைவிட அதிகம்!

எட்டு மாசம் அந்த லேத் தார்ப்பாய் போர்த்திக்கிட்டுத் தூங்குச்சு. அம்மா அது மேல தவிட்டு மூட்டையை அடுக்க ஆரம்பிச்சாங்க. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "வர்ற தைக்குள்ள ஓடலீன்னா எடைக்குப் போட்றலாங் கண்ணு."

நான் இ.இ.இ. மூணாவது வருஷம். 'எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ்' ரெண்டாவது பேப்பரில் அரியர் வேற. கரன்ட் படிக்கிற புள்ளை வீட்டில் இருந்தும் லேத் எடைக்குப் போகுதுன்னா எப்படி இருக்கும்? தட்டுல இருந்த சோறு இறங்கலை.

ஒத்தைக் கால் சைக்கிள்

முதல்ல, த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஏன் சிங்கிள் ஃபேஸில் ஓட்ட முடியாது? இதுக்கு நான் பரீட்சையில் எழுதின பதிலைச் சொன்னா சிரிப்பீங்க. இப்ப புரிஞ்சதைச் சொல்றேன்.

ஒத்தைக் காலால் சைக்கிள் மிதிச்சுப் பாருங்க. பெடல் சரியா உச்சியில் இருந்தா, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராது. ஆனா, யாராவது பின்னாடி ஒரு தள்ளு தள்ளிவிட்டா போதும். அதுக்கப்புறம் ஒத்தைக் காலே ஓட்டிடும். சிங்கிள் ஃபேஸ் அந்த ஒத்தைக் கால். அது உண்டாக்கும் காந்தப்புலம் சுத்தாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஆடும். நின்னுட்டிருக்கிற மோட்டார் 'ம்ம்ம்'னு உறுமும், சூடாகும், எரியும். த்ரீ ஃபேஸ்ங்கிறது ஒருத்தருக்கு ஒருத்தர் 120 டிகிரி இடைவெளியில் மூணு பேர் மாத்தி மாத்தி மிதிக்கிற மாதிரி. எந்த நொடியிலும் யாராவது ஒருத்தர் மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க. அதனால் காந்தப்புலம் தானா சுத்தும், மோட்டார் ஜம்முனு கிளம்பும்.

சுத்தும் காந்தப்புலத்தை உலகத்துக்குக் காட்டினவங்க இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவுக்குப் போன நிகோலா டெஸ்லாவும். ரெண்டு பேர் வேலையும் 1888-ல் வெளியே வந்தது. மூணே வருஷத்தில், 1891-ல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வரை 175 கிலோமீட்டருக்கு த்ரீ ஃபேஸ் கரன்ட்டைக் கொண்டுபோய்க் காட்டிட்டாங்க. எங்க வீட்டுக்கு நாலு கம்பம் தாண்டி வர்றதுதான் பெரும்பாடா இருக்கு!

ரயிலுக்குள்ளே ஒரு ஆர்னோ

எங்க ஊரில் ரிட்டயர்டு லோகோ பைலட் மாமா ஒருத்தர் இருக்கார். டீக்கடையில் என் புலம்பலைக் கேட்டவர், கிளாஸைக் கீழே வெச்சுட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏந் தம்பி, கரன்ட்டுப் படிக்கிறீல்ல? எலெக்ட்ரிக் ரயிலுக்கு மேல எத்தனை கம்பி போகுது?"

"ஒண்ணுதானுங் மாமா."

"அப்ப இன்ஜினுக்குள்ள ஓடற ப்ளோயரு, கம்ப்ரசரு மோட்டாரெல்லாம் எத்தனை ஃபேஸு?"

நான் முழிச்சேன். "த்ரீ ஃபேஸு சாமி! அதை எங்கிருந்து கொண்டாந்தோம்னு நெனைக்கிற?"

அவர் சொன்னதுதான் ஆர்னோ கன்வெர்ட்டர். ஈரோடு ஷெட் இன்ஜின்கள்னு நாம பார்த்துப் பழகின டபிள்யூ.ஏ.பி.-4 மாதிரியான பழைய தலைமுறை இன்ஜின்களில், மேலே ஒத்தைக் கம்பியில் வர்ற 25,000 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும். அதிலிருந்து தனியா ஒரு சுற்று 380 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் கொடுக்கும். அது ஆர்னோவுக்குள் போகும். வெளியே வரும்போது 380 வோல்ட் த்ரீ ஃபேஸ்! உள்ளே இருப்பது என்ன? மந்திரம் இல்லை, சும்மா சுத்திக்கிட்டே இருக்கும் ஒரு மோட்டார்.

விஷயம் இதுதான். மோட்டாரை ஒருதரம் சுத்த விட்டுட்டா, ஒத்தை ஃபேஸிலேயே அது தொடர்ந்து சுத்தும்னு பார்த்தோம் இல்லையா? அப்படிச் சுத்தும்போது அதோட ரோட்டார், கரன்ட் கொடுக்காம விட்ட முனையிலும் வோல்டேஜை உண்டாக்கும். அதாவது, அதே மோட்டார் ஒரே நேரத்தில் கரன்ட்டை வாங்குது, ஜெனரேட்டராவும் வேலை பார்க்குது. வெளியே இருந்து வர்றது ரெண்டு லைன், மோட்டார் உண்டாக்கும் மூணாவது லைன்... ஆக மொத்தம் த்ரீ ஃபேஸ். இதுதான் ரோட்டரி ஃபேஸ் கன்வெர்ட்டர்.

புது இன்ஜின்களில் ஆர்னோ கிடையாது. அந்த வேலையை எலெக்ட்ரானிக் கன்வெர்ட்டர்கள் பார்க்கின்றன. பழைய இன்ஜின்கள் பலவற்றிலும் ஆர்னோவை எடுத்துட்டு அதையே வெச்சுட்டாங்க. ஆனா, பல வருஷம் நாம மெட்ராஸுக்கும் கோயம்புத்தூருக்கும் போய்வந்த ரயிலுக்குள் இந்த ஐடியாதான் சுத்திக்கிட்டு இருந்திருக்கு!

காயில் கடையில் டியூஷன்

எங்க கொட்டகை மூலையில் காயில் போன 3 ஹெச்.பி. மோட்டார் ஒண்ணு கிடந்தது. லேத்தில் இருப்பது 2 ஹெச்.பி. கன்வெர்ட்டர் மோட்டார், அது ஓட்டப்போகும் மோட்டாரைவிட ஒன்றரை மடங்காவது பெருசா இருக்கணும்ங்கிறது பொதுக் கணக்கு. ஆக, கச்சிதம்! உடனே சைக்கிள் கேரியரில் கட்டி, காயில் கட்டுற அண்ணன் கடைக்குக் கொண்டு போனேன்.

அங்கேதான் முதல் பல்பு வாங்கினேன். "தம்பி, இதை அப்படியே கட்டிக் கொடுத்தா உனக்கு ஒண்ணுக்கும் ஆகாது"ன்னார்.

ஏன்? நம்ம நாட்டுக் கணக்கு அப்படி. அமெரிக்காவில் இதைச் செய்றவங்களுக்கு வீட்டுக்கே 240 வோல்ட் வருது, அங்கே பட்டறை மோட்டார்களும் அதே வோல்ட்டில் ஓடும். நமக்கு வீட்டில் 230, த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு 415. இந்த இடைவெளியைத் தாண்டாம எதுவும் நடக்காது. 415 வோல்ட் டெல்டா மோட்டாருக்கு 230 கொடுத்தா, இழுவை மூணில் ஒரு பங்குகூட இருக்காது.

இங்கேதான் லேத் மோட்டார் கைகொடுத்தது. நம்ம ஊரில் பொதுவா 2 ஹெச்.பி. வரைக்குமான மோட்டார்களை ஸ்டார் கனெக்‌ஷனில் தர்றாங்க. ஸ்டாரில் 415 வோல்ட் கொடுத்தா, ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைப்பது 415-ஐ 1.732-ஆல் வகுத்தது, அதாவது 240 வோல்ட். அப்போ அதே மோட்டாரை டெல்டாவா மாத்தினா, 230-லேயே ஒவ்வொரு சுற்றுக்கும் தேவையானது கிடைச்சுடும்! டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஆறு முனைகளுக்கு நடுவில் இருக்கும் பித்தளைப் பட்டைகளை மாத்திப் போட்டா வேலை முடிஞ்சது.

3 ஹெச்.பி. மோட்டாரோ ஏற்கெனவே டெல்டா. அதனால் அதை 230-க்குத் தகுந்த மாதிரி புதுசா கட்டணும். அண்ணன் ஒரு அட்டையில் கணக்குப் போட்டார். பழைய காயிலில் 60 சுற்று இருந்தது. 60-ஐ 1.732-ஆல் வகுத்தா 35. சுற்று குறைஞ்சா கரன்ட் ஏறும், அதனால் கம்பியின் பருமன் பரப்பில் 1.73 மடங்கு வேணும். ஒரே தடிக் கம்பியா போட்டா பள்ளத்தில் வளைஞ்சு உட்காராது. கொஞ்சம் சன்னமான கம்பி ரெண்டைச் சேர்த்துச் சுத்தினார்.

அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவர். ரூட் மூணுன்னு அவர் ஒருதடவைகூடச் சொல்லலை. "1.73-ங்கிறது எங்க கடை நம்பர் தம்பி"ன்னார். நான் அரியர் வெச்ச பேப்பர் முழுக்க அந்த அட்டைக்குள் இருந்தது!

கயித்தை இழு... ஸ்டார்ட்!

மோட்டார் வந்தாச்சு. சும்மா கரன்ட் கொடுத்துப் பார்த்தோம். 'ம்ம்ம்...' டப்! எம்.சி.பி. விழுந்துடுச்சு. ஒத்தைக் கால் சைக்கிள் உச்சியில் நிக்குதே... தள்ளிவிட ஆள் வேணுமே!

அப்பா ஆயில் இன்ஜின் காலத்து மனுஷன். புல்லியில் கயித்தைச் சுத்தி, காலை ஊன்றி ஒரே இழு. கயிறு முழுசா கழண்டு கைக்கு வந்ததும் நான் சுவிட்சைப் போட்டேன். சர்ர்ர்ருனு பிடிச்சுக்கிச்சு! மீட்டரை எடுத்துக்கிட்டு ஓடினேன். வீட்டு லைனில் 226 வோல்ட். மூணாவது முனைக்கும் மத்த ரெண்டுக்கும் நடுவில் 205, 198. எதுவுமே கொடுக்காத முனையில் வோல்டேஜ்! அப்பா டெஸ்டர் வெச்சுப் பார்த்தார். எரிஞ்சது. "அட, ஆமாங் கண்ணு!"

சந்தோஷத்தில் லேத்தையும் கனெக்ட் பண்ணினோம். சக் சுத்துச்சு... தலைகீழா! அப்பா பாய்ஞ்சு போய் ஆஃப் பண்ணினார். கயித்தை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம்தான் கன்வெர்ட்டர் சுத்தும், அதுக்குத் தகுந்த மாதிரி லேத்தும் திசை மாறும். எங்க லேத்தில் சக் மரையில் ஏத்தினது. தலைகீழா சுத்தினா கழண்டு மடியில் வந்து விழும். அன்னிக்கே கயித்துக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்தோம்.

இப்போ கன்டென்சர் வேலைக்கு வந்தது. போர்வெல் பேனல் நிறைய இருக்கும் ஊரில் கன்டென்சருக்கா பஞ்சம்? ஸ்டார்ட்டிங்குக்கு 200 எம்.எஃப்.டி.-க்கு ஒண்ணு. அதுக்கு ஒரு புஷ் பட்டன், ஒரு நொடி அழுத்தி விட்டுடணும். இது மூணாவது சுற்றுக்குக் கரன்ட்டைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்து மோட்டாரைக் கிளப்பும், அதுவும் எப்பவும் ஒரே திசையில். ஓடும்போது நிரந்தரமா இருக்க, 440 வோல்ட் தாங்குற ரன் கன்டென்சர் மூணு. எந்தப் பக்கம் எவ்வளவுன்னு மாத்தி மாத்திப் போட்டு, நாலு சாயங்காலம் மீட்டரோடு உட்கார்ந்தோம். கடைசியில் 226, 232, 227. லேத் வெட்டும்போது மூணாவது பக்கம் 215-க்கு இறங்குது. இறங்கட்டும், வேலை நடக்குது!

இன்னும் ஒரே ஒரு பயம் பாக்கி இருந்தது. நம்ம ஊரில் கரன்ட் போய்ப் போய் வருமே? நின்னுபோன கன்வெர்ட்டருக்குத் திரும்பக் கரன்ட் வந்தா, அது உறுமியே எரியும். அதுக்காக டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் வெச்சோம். கரன்ட் போனா தானா விடுபட்டுடும், நாம போய் அழுத்தினாதான் மறுபடி ஓடும். லோகோ மாமா இன்னொரு ஐடியாவும் கொடுத்தார். இன்ஜினில் ஆர்னோ ஒழுங்கா வோல்டேஜ் எடுத்ததைப் பார்த்துச் சொல்ல 'க்யூ.சி.வி.ஏ.ஆர்.'னு ஒரு ரிலே உண்டாம். அதை நாங்களும் காப்பி அடிச்சோம். லேத் ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மூணாவது லைனிலிருந்து சப்ளை கொடுத்துட்டோம். கன்வெர்ட்டர் ஓடினாதான் லேத் ஸ்டார்ட் ஆகும். எங்க மாட்டுக் கொட்டகையில் ரயில்வே டெக்னாலஜி!

வயலில் ஓடிய அதே ஐடியா

நீங்க விவசாய வீட்டுப் பிள்ளையா இருந்தா இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. 'இது எங்க தோட்டத்துல எப்பவோ ஓடுனதுதானே?'

ஆமாம். விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான்னு இருந்த காலத்தில், மத்த நேரத்துக்கு இருமுனை மின்சாரம் வரும். கிணத்தில் தண்ணி இருக்கு, பயிர் காயுது, மோட்டார் ஓடலை. என்ன செய்வாங்க? கன்டென்சர் வெச்சு ரெண்டு ஃபேஸிலேயே பம்புசெட்டை ஓட்டினாங்க. குஜராத்திலும் இதே கதைதான். அங்கே இந்த கன்டென்சருக்கு 'டோட்டா'ன்னு பேர். அங்கே 2003-ல் ஆரம்பிச்ச ஜோதிகிராம் திட்டம், விவசாய லைனையும் ஊர் லைனையும் தனித்தனியா பிரிச்சதும் டோட்டாவோட காலம் முடிஞ்சது. தமிழக அரசு 2021-ல், விவசாயத்துக்கு 24 மணி நேரமும் மும்முனை மின்சாரம்னு அறிவிச்சது.

இதைச் செஞ்சவங்க யாரும் விளையாட்டுக்குச் செய்யலை. ஆனா, அதுக்கு விலை இருந்தது. ஒரே நேரத்தில் பல மோட்டார்கள் ரெண்டு ஃபேஸை மட்டும் உறிஞ்சினா, டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கமா சாயும், சூடாகும். மோட்டார் காயிலும் போகும். அந்தத் தெருவே இருட்டில் உட்காரும். அப்பாவிடம் இதைச் சொன்னப்போ, "அப்ப நாம பண்றதும் அதேதானே?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி!

அதனால்தான் எங்க சர்வீஸில் வாங்கியிருக்கும் லோடு எவ்வளவோ, அதுக்குள்ளேயே நிறுத்திக்கிட்டோம். சிங்கிள் ஃபேஸில் 4 கிலோவாட் வரைக்கும்தான். அதுக்கு மேல போனா த்ரீ ஃபேஸ் சர்வீஸ்தான் வாங்கணும். வீட்டு சர்வீஸிலோ தோட்டத்து இலவச சர்வீஸிலோ பட்டறை ஓட்டினா அது விதிமீறல். லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருத்தரைக் கூட்டி வந்து எர்த் முதல் எல்லாத்தையும் காட்டின பிறகுதான் வேலையை ஆரம்பிச்சோம்.

வி.எஃப்.டி. இருக்கே பாஸ்?

எங்க லேப்பில் ஃப்ரெண்ட்ஸ் கேட்ட முதல் கேள்வி இது. உண்மைதான். கைக்கு அடக்கமா ஒரு வி.எஃப்.டி. வாங்கினா, 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ளே போய் 230 வோல்ட் த்ரீ ஃபேஸா வெளியே வரும். ஸ்பீடையும் கூட்டிக் குறைக்கலாம், சத்தமும் இல்லை. ஒரே ஒரு மெஷின்தான் இருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு அதையே வாங்குங்க. எங்க கன்வெர்ட்டர், வேலை இல்லாம சும்மா சுத்தினாலே கரன்ட் சாப்பிடும்.

அப்புறம் ஏன் நாங்க இந்தப் பக்கம் போனோம்? லேத்தோடு ட்ரில்லிங் மெஷினையும் கிரைண்டரையும் இதிலேயே ஒண்ணொண்ணா ஓட்டலாம். மோட்டார் வீட்டில் இருந்தது. காயில், கன்டென்சர், ஸ்டார்ட்டர்னு மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சத்தில் முடிஞ்சது. நாளைக்கே எரிஞ்சாலும், எட்டாவது படிச்ச அண்ணன் ரெண்டு நாளில் கட்டிக் கொடுத்துடுவார். போர்டு போச்சுன்னா யாரைத் தேடுறது?

தை பொறந்தாச்சு!

மார்கழியில் ஒரு காலை. பள்ளிபாளையத்திலிருந்து தறிக்காரர் ஒருத்தர் வளைஞ்ச ஷாஃப்ட் ஒண்ணைக் கொண்டு வந்தார். அப்பா கன்வெர்ட்டரைப் போட்டு, பட்டனை அழுத்தி, அது வேகம் எடுக்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுட்டு, லேத்தை ஸ்டார்ட் பண்ணினார். முட்டிக்கு வசதியா ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டு புது ஷாஃப்ட் கடைஞ்சு கொடுத்தார். தறிக்காரர் காசை நீட்டினதும், அதை அப்படியே அம்மா கையில் கொடுத்தார். தவிட்டு மூட்டைகள் இப்போ திண்ணையில் இருக்கு.

அரியர்? அந்த செமஸ்டர் பேப்பரில் 'டபுள் ரிவால்விங் ஃபீல்ட் தியரி' 13 மார்க்குக்கு வந்தது. ஆடும் ஒரு காந்தப்புலத்தை, எதிரெதிரா சுத்தும் ரெண்டு புலமா பிரிச்சுப் பார்க்கலாம், மோட்டாரை எந்தப் பக்கம் தள்ளிவிடுறோமோ அந்தப் பக்கத்துப் புலம் அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகும்... அப்பா கயிறு இழுத்ததை நினைச்சுக்கிட்டே எழுதினேன். க்ளியர்!

உங்க பாடப் புத்தகத்திலும் இப்படி 'இது எதுக்கு?'ன்னு நீங்க தாண்டிப்போன ஒரு யூனிட் இருக்கும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்த யூனிட்டைக் கையில் எடுத்துக்கிட்டு வீட்டுக் கொட்டகையை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. போகும்போது ஒரு மீட்டரும் எடுத்துக்கோங்க!

கை வைக்கும் முன் கவனிங்க!

* கன்வெர்ட்டர் உண்டாக்கும் மூணாவது லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் சுமார் 200 வோல்ட் இருக்கும். 'இது வீட்டில் செஞ்ச கரன்ட்தானே'ன்னு தொட்டா அடி ஒண்ணுதான்!

* ஆஃப் பண்ணின பிறகும் கன்டென்சர் கரன்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதை இறக்கிவிட, குறுக்கே ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் வேணும்.

* ஸ்டார்ட் கன்டென்சர் ஒரு நொடி வேலைக்கானது. லைனிலேயே விட்டுவெச்சா வெடிக்கும்.

* சுத்தும் மோட்டாரில் கயிறு கட்டி இழுக்கிற வேலை வேணாம். எங்களுக்குக் கை தப்பிச்சது அதிர்ஷ்டம்.

* மோட்டார் பாடி, லேத் பாடி ரெண்டுக்கும் எர்த், லைனில் தகுந்த எம்.சி.பி., ஓவர்லோடு ரிலே... இது இல்லாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

* மெயின் லைனில் வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் கொடுத்துடுங்க. தியரி நம்மகிட்ட, கட்டிங் பிளையர் அவர்கிட்ட!